இருபத்தொன்றாம் நாள் மூடிய திராட்சை ரசம்

இயேசு மரி சூசை துணை

பாசிர் ரிஸ், சிங்கப்பூர்
டிசம்பர் 14 தொடங்கி 20 முடிய எழுதியது

அன்பு மகள் கேட்லினுக்கு அப்பா சந்தியாகு எழுதுவது. நானும் அம்மாவும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம், அதை முதலில் மனத்தில் வாங்கிக்கொண்டு பிறகு உட்கார்ந்து மீதியைப் படி. நீயும் மாப்பிள்ளை அருண்ராஜும் பாப்பாவும் அந்தக் கால்கரிக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா, பாப்பாவுக்குக் காதை மூடுகிற தொப்பி போட்டுத்தான் வெளியே கூட்டிப் போகிறீர்களா. இது நான் என் கையால் எழுதும் முதல் கடிதம். கோயிலில் அன்னம்மா டீச்சர் நடத்தும் சனிக்கிழமை வகுப்புக்கு ஒன்றரை வருடமாகப் போய்வருவது உனக்குத் தெரியும். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து வரிக்கு மேல் கை ஓடாது, விரல் வலிக்கிறது, ஆனால் எழுதிய வரியை நானே திரும்பப் படிக்கும்போது எழுபத்திரண்டு வயதில் புதிதாகப் பல் முளைத்த மாதிரி இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தை எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் நடுவில் ஒரு பெரிய பயம் வந்து போய்விட்டது, அதைச் சொல்லாமல் வேறு எதுவும் எழுத வரவில்லை. வீடியோவில் அம்மா கையில் கட்டைப் பார்த்து நீ கேட்டாய், முறுக்கு எண்ணெய் தெறித்தது என்று சொன்னாள். அது பொய், மகளே. நடந்தது வேறு.

இந்த வருடம் கிறிஸ்துமஸ் திராட்சை ரசத்தை நானே போடுவது என்று இருந்தேன். வழக்கமாக உன் அம்மாதான் போடுவாள், பழம் நசுக்கிக் கொடுப்பது மட்டும் என் வேலை. இந்த முறை பழைய வார இதழ் ஒன்றின் சமையல் பக்கத்தில் அதன் செய்முறை இருந்தது, எழுத்துக்கூட்டிப் படிக்க மூன்று நாள் ஆயிற்று, படித்து முடித்ததும் கத்தரிக்கோலால் அளவாக வெட்டி என் நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிக்கொண்டேன். அதில் சொன்னபடி தேக்கா மார்க்கெட்டில் கறுப்புத் திராட்சை இரண்டு கிலோ வாங்கினேன், சீனி ஒன்றரைக் கிலோ, ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு, தட்டிய இஞ்சி, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், எல்லாம் பீங்கான் ஜாடியில் போட்டுத் துணியால் வாய் கட்டித் தினம் ஒரு முறை மரக் கரண்டியால் கிண்டினேன். ஒரு விஷயம் கேள், திராட்சைத் தோலில் மாவு பூசியது போல வெள்ளையாக இருக்கிறதே, அதை மருந்துப் பொடி என்று நினைத்து நான் இத்தனை வருடம் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறேன். அது பழத்தின் சொந்த மெழுகாம், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அந்தத் தோலின் மேல்தான் குடியிருக்குமாம், அவை சீனியைத் தின்று சாராயமும் காற்றும் விடுகின்றன, ஜாடிக்குள் கேட்கிற கொறுகொறு சத்தம் அவை விடுகிற காற்றுதானாம். இதைப் படித்த அன்று நான் லிப்டில் பார்த்த எல்லாரிடமும் சொன்னேன்.

அம்மாவுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது, ஆனால் அவள் ஜாடியில் காதை வைத்துக் கேட்பாள், சத்தம் அடங்கிய பிறகுதான் பாட்டிலில் ஊற்றுவாள், அதற்கு இருபது நாளும் ஆகும் நாற்பது நாளும் ஆகும். என் செய்முறையில் இருபத்தொரு நாள் என்று போட்டிருந்தது. இருபத்தொன்றாம் நாள் காலையில் நான் வடிகட்ட உட்கார்ந்ததும் அம்மா வந்து காதை வைத்துப் பார்த்துவிட்டு, “இன்னும் பேசுதுலா, மழையா இருக்கு, இன்னும் பத்து நாள் கிடக்கட்டும்” என்றாள். பேப்பரில் இருபத்தொரு நாள் என்று எழுதியிருக்கிறது என்றேன். “பேப்பர்காரன் நம்ம ஜாடியில காது வச்சுப் பாத்தானா?” என்று கேட்டாள். நான் சிரித்தேன். அச்சில் இருப்பது எப்படித் தப்பாகும் என்று நினைத்தேன். எழுத்துத் தெரியாத காலத்தில் அவள் பேச்சைக் கேட்டிருப்பேன். கம்பி போட்டு இறுக்குகிற மூடி உள்ள கண்ணாடிப் பாட்டில்கள் ஆறு வாங்கி வைத்திருந்தேன், கழுத்து வரை ஊற்றி இறுக்கினேன், போன வருடத்து வாழ்த்து அட்டைகளை வெட்டி ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிக் கட்டினேன். ஒன்று வீட்டுக்கு, ஒன்று அன்னம்மா டீச்சருக்கு, இரண்டு கோயில் அலுவலகத்துக்கு, ஒன்று மேல்மாடியில் இருக்கும் டாக்சி ஓட்டுகிற சேதுபதிக்கு, ஒன்று சுவிசேஷமுத்து மாமாவுக்கு. மறுநாள் ஞாயிற்றுக்கிழமையே ஐந்தையும் கொடுத்து முடித்துவிட்டேன்.

அதற்கு ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும், அம்மா அச்சு முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள், நான் கூடத்தில் நட்சத்திரத்துக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தேன். அடுப்புக்கு மேல் பலகையில் நம் பாட்டில் இருந்தது. கேஸ் வெடித்தது என்றுதான் நினைத்தேன், அப்படி ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் சுவரெல்லாம் சிவப்பு, அம்மா முகமெல்லாம் சிவப்பு, எது ரசம் எது ரத்தம் என்று தெரியவில்லை. அவள் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். துடைத்துப் பார்த்தேன், முகத்தில் ஒன்றும் இல்லை, வலது முன்கையில்தான் வெட்டு, கிளினிக்கில் நான்கு தையல் போட்டார்கள். திரும்பி வந்த பிறகு பார்த்தேன், ஒரு கண்ணாடித் துண்டு அலமாரிக் கதவில் ஆணி அடித்தது போல ஏறி நின்றது, அம்மாவின் கழுத்து உயரத்தில். சுட்ட முறுக்கை எடுத்து வைக்க அவள் அந்த நேரம் குனிந்திருந்தாள். நான் அந்தத் துண்டை இடுக்கியால் பிடுங்கினேன், இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. உன்னிடம் சொல்லக்கூடாது, நீ டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து நிற்பாய் என்று அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

பாட்டில்தான் கோளாறு என்று நினைத்தேன். இருந்தாலும் மனம் கேட்காமல் புதன்கிழமை காலை நோட்டை எடுத்துக்கொண்டு அன்னம்மா டீச்சர் வீட்டுக்குப் போனேன். டீச்சரிடம் அதே இதழ் முழுதாக இருந்தது. பக்கத்தை விரித்து என் துண்டை அருகில் வைத்துப் பார்த்தார். பிறகு அடுத்த பத்தியின் தலையில் விரலை வைத்து, அய்யா இதையும் படியுங்கள் என்றார். கீழே வரை வந்து இடம் போதாவிட்டால் மீதியைப் பக்கத்துப் பத்தியின் மேலே போடுவார்களாம், அது எனக்குத் தெரியாது, கீழே கோடு வந்ததும் முடிந்தது என்று வெட்டிவிட்டேன். மேலே இரண்டு வரி இருந்தது. குமிழ் முழுதும் நின்ற பிறகே மூடியை இறுக்கவும், அதுவரை தளர்வாக வைக்கவும், இல்லையேல் பாட்டில் வெடிக்கும். நான் வெட்டி எறிந்த வரியில் இருந்தது அது, என் கையால் பெயர் எழுதி ஐந்து பாட்டிலைக் கொடுத்திருக்கிறேன்.

டீச்சரின் பாட்டில் நல்ல வேளையாகக் குளிர்பெட்டியில் இருந்தது, ஈரத் துண்டைச் சுற்றி மெதுவாகத் திறந்தார், நுரை வந்ததோடு சரி. கோயில் அலுவலகத்துக்குப் போன் போட்டார், இரண்டையும் அதே மாதிரி வெளியே வைத்துத் திறந்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார்கள், அந்தப் பத்து நிமிடம் நான் ஜெபமாலையில் எத்தனையாவது மணியில் இருந்தேன் என்று தெரியவில்லை. சேதுபதிக்கு அடித்தால் அவர் ஓட்டத்தில் இருந்தார். பாட்டில் எங்கே என்று கேட்டேன். வண்டியின் பின்பெட்டியிலேயே இருக்கிறது, இறக்க மறந்துவிட்டேன் என்றார். வண்டியை ஓரமாக நிறுத்தித் திறக்கச் சொன்னேன். அரை மணி நேரத்தில் டீச்சர் வீட்டு வாசலுக்கு வந்தார், சட்டையெல்லாம் கறை. “அண்ணே, ஒரு வாரமா பாம் ஏத்திக்கிட்டா ஊரைச் சுத்துனேன்? ஏர்போர்ட்டுக்கெல்லாம் போனேன்லா” என்றார். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் மீதி ஒன்று சுவிசேஷமுத்துவிடம் இருந்தது, அவர் போனை எடுக்கவில்லை.

மாமாவை உனக்குத் தெரியும், துறைமுகத்தில் முப்பது வருடம் என்னோடு வேலை பார்த்தவர், நீ போன நாளிலிருந்து என் கடிதங்களை எல்லாம் நான் சொல்லச் சொல்ல எழுதினவர், உன் பதில்களை எனக்குப் படித்துக் காட்டினவர். அத்தை போன பிறகு புக்கிட் மேராவில் தனியாக இருக்கிறார், இப்போது காது சுத்தமாகக் கேட்பதில்லை, காதுக் கருவியை வீட்டில் கழற்றி வைத்துவிடுவார். சேதுபதியின் வண்டியில்தான் போனோம், மழை, வழியெல்லாம் நெரிசல், ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் எனக்கு அந்த அலமாரிக் கதவுதான் கண்ணில் தெரிந்தது. பத்தாவது மாடி. கதவைத் தட்டினோம், கம்பிக் கதவை ஆட்டினோம், திறக்கவில்லை. பக்கத்து வீட்டில் மாற்றுச் சாவி இருக்கும் என்று சேதுபதி கேட்கப் போனார். நான் தாழ்வாரத்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மாமா நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு ஒரு முழம் மேலே, டிவிக்குப் பக்கத்துப் பலகையில், நான் எழுதிய அட்டையோடு பாட்டில் இருந்தது. அதன் மூடி கம்பியை மீறிக் கொஞ்சம் மேலே தூக்கி நின்றது போல எனக்குத் தோன்றியது.

ஜன்னல் பாதி திறந்திருந்தது, கம்பிக்குள் குடையை விட்டு ஆட்டினேன், திரை அசைந்தது, விழித்துக்கொண்டார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. நான் பாட்டிலைக் காட்டினேன், வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினேன். அவருக்கு எப்படிப் புரிந்ததோ, எழுந்து போய் அந்தப் பாட்டிலை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இதுதானே, திறக்கவில்லை, உனக்காகத்தான் வைத்திருக்கிறேன் என்பது போலத் தூக்கிக் குலுக்கிக் காட்டினார். கத்தினேன், கேட்கவில்லை. அவர் விரல் கம்பியில் இருந்தது. அப்போதுதான் சட்டைப்பையில் நோட்டு இருப்பது ஞாபகம் வந்தது. பொறு என்று ஒரு விரலைக் காட்டிவிட்டுச் சுவரில் வைத்து எழுதினேன். ஒரு எழுத்துப் போட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று இந்தக் கடிதத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். எழுத்தெல்லாம் கோட்டை விட்டு ஓடியது. கீழே வை, வெடிக்கும் என்று எழுதி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தேன். மாமாவுக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது. பாட்டிலை அக்குளில் இடுக்கிக்கொண்டு மூக்குக்கண்ணாடியைத் தேடினார், மேசையில் தேடினார், வேதாகமத்துக்குள் தேடினார், எடுத்து மாட்டிக்கொண்டு கிட்டே வந்தார். இரண்டு அடிக்கு அப்பால் அவர், நடுவில் கண்ணாடி, அக்குளில் அது. படித்தார். சிரிப்பு நின்றது. குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல அதை நாற்காலியில் வைத்துவிட்டு வந்து கதவைத் திறந்தார். திறந்ததும் என் கையில் இருந்த தாளைத்தான் வாங்கினார். “டேய் சந்தியாகு, நீயா எழுதுன இதை?” என்றார். நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். சாவி கேட்கப் போய்த் திரும்பி வந்த சேதுபதிதான் ஈரத் துண்டைச் சுற்றிக் குளியலறையில் வைத்துக் கம்பியை எடுத்தார், நுரை கூரை வரை போனது. மிஞ்சியது அரை கப். மாமா அதையும் குடித்துப் பார்த்து, சீனி அதிகம் என்றார்.

இப்போது எல்லாம் முடிந்துவிட்டது, ஆனால் குளிர்பெட்டி டக் என்று நின்றாலும் நெஞ்சு குதிக்கிறது. மனம் அடங்க அந்த நட்சத்திரத்தைக் கட்டி முடித்தேன். பாப்பாவோடு நீயும் செய், கறி குத்திச் சுடுகிற சாத்தேக் குச்சி போதும், நமக்குக் கட்டுக் கட்டாகச் சாத்தே விற்கும் இப்ராஹீம் தன் கடையிலிருந்து கொடுத்தார், பதிலுக்கு அச்சு முறுக்குக் கொடுத்தேன், அவர் வீட்டில் இதை மலாயில் குவே ரோஸ் என்பார்களாம், அச்சும் அதே பூ அச்சுதான். ஐந்து குச்சியில் ஒரு நட்சத்திரம், அதே போல இன்னொன்று, இரண்டையும் முனையோடு முனை கட்டி, நடுவில் உள்பக்க மூலைகளில் ஐந்து குட்டைக் குச்சி செருகினால் தானாக உப்பிக்கொள்ளும், பிறகு பட்டத் தாள் ஒட்டு. முனைகளை அருண்ராஜ் வெட்டட்டும், கூர்மையானவை. முறுக்கு சுட்டால் அச்சை எண்ணெயிலேயே நன்றாகச் சூடாக்கு, சூடில்லாத அச்சில் மாவு பிடிக்காது, அச்சின் மேல் விளிம்பு மாவில் முழுகக்கூடாது, முழுகினால் பூ கழன்று விழாது. திராட்சை ரசம் மட்டும் என்னைக் கேட்டுப் போடாதே. அம்மாவைக் கேள்.

அம்மாவுக்குச் சத்தியம் செய்துவிட்டு ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். இதுவரை உனக்கு வந்த கடிதம் எல்லாம் மாமா கை எழுத்து. சுகம், மழை, கோயில் திருவிழா, இதைத்தான் சொல்லி எழுத வைத்திருக்கிறேன். நீ பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் நான் சோறு இறங்காமல் இருந்தேன், அதையும் சொல்லவில்லை, பயந்தேன் என்று இன்னொரு மனிதரைப் பார்த்துச் சொல்லி எழுத வைக்க எனக்கு வரவில்லை. இப்போது அறையில் யாரும் இல்லை. உன் அம்மா போய்விடுவாள் என்று நான் பயந்தேன், கேட்லின். மிகவும் பயந்தேன்.

ஆண்டவர் உன்னையும் உன் வீட்டாரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும், மாதா பாப்பாவுக்குக் கூடவே இருக்கட்டும், பிறக்கிற வருடம் உங்களுக்கு நல்லதாக இருக்கட்டும். ஒன்றை மறக்காதே, இதைப் பற்றிப் போனில் கேட்காதே, அம்மா எப்போதும் போனை எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்துத்தான் பேசுவாள். எழுது. தமிழில் எழுது, எழுத்தைப் பெரிதாகப் போடு, தாளின் இரண்டு பக்கத்தில் எழுதினால் பின்பக்கம் பார் என்று கீழே குறிப்பிடு. நான் கடைசி வரை படிப்பேன்.

உன் அன்பு அப்பா,
சூ. சந்தியாகு