ஈரக் கரண்டி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், என் வலது கை மட்டும் முக்கால் நலம், நீயாவது முழு நலமாக இருக்க வேண்டும். மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள், ஆனாலும் எழுத்து இன்னும் கோழிக் கிறுக்கலாகத்தான் வருகிறது, பொறுமையாகப் படி. இதற்கு எதற்குக் கடிதம், போனில் சொல்லக்கூடாதா என்பாய். நான் போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார், இது அவர் காதில் விழக்கூடாத சமாச்சாரம். படித்ததும் கிழித்துப் போடு.

நான் குளியலறையில் வழுக்கி விழுந்தேனே, அதற்கு முந்தின நாள்தான் எலுமிச்சை ஊறுகாய் போட்டு ஜாடியில் வைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு எனக்குக் கையைப் பற்றிய கவலையைவிட ஜாடியைப் பற்றிய கவலைதான் பெரிது. தினமும் ஒரு தடவை கிளறிவிடுங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். காய்ந்த கரண்டியால் என்று சொல்லவில்லை, இத்தனை வருஷம் ஊறுகாய் தின்ற மனிதருக்கு அதையுமா சொல்லிக் கொடுப்பது? ஆனால் உன் அப்பா யார்? சுகாதார ஆய்வாளர். ரிட்டையர் ஆனது உத்தியோகம்தானே தவிர அவர் இல்லை, இன்றைக்கும் வாழைப்பழத்தைச் சோப்புப் போட்டுக் கழுவித்தான் உரிக்கிறார். நான் வீட்டுக்குக் கிளம்ப இருந்த சமயத்தில் ஒரு நாள் என் கட்டிலருகே வந்து நின்றுகொண்டு, நீ ஊறுகாயப் பத்திக் கவலையே படாதே, டெய்லி கரண்டிய வெந்நீர்ல நல்லா அலசிட்டு, கையையும் கழுவிட்டு அப்படியே விட்டுக் கிளறுறேன், உன்னைவிட சுத்தமா பாத்துக்கிறேன் என்று மெடல் வாங்கினவர் மாதிரிச் சொன்னார். ஈரம் பட்டால் ஊறுகாய் பூஞ்சை பிடித்துவிடுமே! ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்ன சொல்வது? சரி என்று தலையாட்டி வைத்தேன்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக ஜாடியைத் திறந்தேன். பூஞ்சை பொங்கி வழியும் என்று பார்த்தால், பளபளவென்று ஊறுகாய்! எல்லாத் துண்டும் ஒரே அளவு, அளவெடுத்து வெட்டினது போல. எனக்கு இந்த ஜென்மத்தில் அப்படி வெட்ட வராது. வாயில் வைத்ததும் வினிகர் நாக்கைச் சுரண்டியது, கடைச் சரக்கு. அப்பா கதவோரத்தில் பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி நின்றார். நல்லா ஊறியிருக்கு என்றேன். அப்போதுதான் மூச்சே விட்டார்.

இது இத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை என் கையைப் பார்க்க உன் அத்தையும் மாமாவும் வந்தார்கள். கையைப் பார்த்தது ஒரு நிமிஷம், மீதி நேரமெல்லாம் இந்த வீட்டை விற்றுவிட்டு நாங்கள் அவர்கள் பக்கத்தில் ஃபிளாட் பார்ப்பது பற்றித்தான் பேச்சு. வழக்கம்போல எல்லாம் பேசி முடித்த பிறகு, நீங்க என்ன அண்ணி சொல்றீங்க என்று என்னையும் ஊறுகாய் மாதிரித் தொட்டுக்கொண்டார்கள். சாப்பாட்டில் உட்கார்ந்தார்கள். அத்தை ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடி, அண்ணி, கண்ணக் கட்டிவிட்டு ஊட்டினாலும் இது உங்க கைப்பக்குவம்னு சொல்லிருவேன் என்றாள். மாமா, கடையில விக்கிறானே அதெல்லாம் ஒரு ஊறுகாயா என்று ஆரம்பித்து, கம்பெனிக்காரர்களை ஒருவர் விடாமல் திட்டித் தீர்த்தார். போகும்போது அத்தை ஒரு பாட்டிலும் வாங்கிக்கொண்டு போனாள். உன் அப்பா தட்டை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. எனக்கு உள்ளுக்குள் சிரிப்புத்தான் வந்தது, ஆனால் பாத்திரங்களை எடுத்து வைக்கும்போது அந்தச் சிரிப்பு போய்விட்டது. வீட்டுப் பேச்சில் எனக்கு இடமில்லாவிட்டாலும் ஊறுகாயாவது என் பெயரில் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். இத்தனை வருஷமாக இவர்கள் எதைத்தான் ருசி பார்த்தார்கள்?

இதற்கிடையில் உன் அப்பாவுக்கு வயிறு சரியில்லை. ஆஸ்பத்திரித் தண்ணீர் என்றார், வயசு என்றார், கடைசியில் என் சமையல் மேலேயே சந்தேகப்பட்டார். ஊறுகாயை மட்டும் தொடுவதில்லை, பிரஷராம். ஒரு மத்தியானம் படுத்து எழுந்தவள் பின் அறைப் பக்கம் போனேன். அவருடைய பழைய ஆய்வு ஃபைல்கள் அடுக்கியிருக்கிறதே, இதையெல்லாம் வச்சு என்ன ஊறுகாயா போடப் போறீங்க என்று நான் கத்துவேனே, அதற்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின். அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உள்ளே என் ஊறுகாய், கோணல்மாணலான துண்டுகள். மேலே இருந்த பூஞ்சையை வழித்துப் போட்டுவிட்டு மிச்சத்தைத் தூக்கி எறிய மனசில்லாமல் ஒளித்து வைத்திருக்கிறார். ஈ உட்கார்ந்ததற்குப் பேக்கரியையே பூட்டிய மனுஷன், கையைக்கூடக் கழுவாமல் விரலை விட்டு வழித்து நக்குகிறார், முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடியும் நக்குகிறார். நான் சத்தமில்லாமல் திரும்பி வந்து சுவர்ப்பக்கம் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

கேட்டால் கூனிக்குறுகிப் போவார், கேட்காவிட்டால் வயிறு கெடும். அதனால் மறுநாள் காலையில் அவர் நடக்கப் போனபோது டின்னைக் காலி செய்து கழுவித் துடைத்து, வெயிலில் காய வைத்து, போன வருஷத்து ஊறுகாயில் நல்லதாக மிச்சமிருந்ததை நிரப்பி அதே இடத்தில் வைத்துவிட்டேன். நேற்று அவராகவே, இப்ப வயிறு பரவால்ல என்றார்.

இனி உன் விஷயம். பார்சலில் வருகிற ஊறுகாய் கடை ஊறுகாய், அப்பாதான் பார்த்துப் பார்த்துக் கட்டினார். போனில் கேட்பார், அம்மா கைப்பக்குவம் அப்படியே இருக்கு என்று சொல். வருஷா வருஷம் என்னிடம் சொல்வாயே, அதே குரலில் சொன்னால் போதும். அந்தக் குரலைப் பற்றி இப்போது எனக்கு லேசாகச் சந்தேகம் வந்திருக்கிறது, அதை நேரில் பேசிக்கொள்வோம். லீவைச் சேர்த்துச் சேர்த்து ஊறுகாயா போடப் போகிறாய், எடுத்துக்கொண்டு வந்து சேர்.

உடம்பு நோகாமல், மனசு கோணாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி, நீ நன்றாக இருக்க வேண்டும். கடை ஊறுகாயானாலும் ஈரக் கரண்டி போடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா

பி.கு.: டின்னில் போட்டது உனக்கென்று எடுத்து வைத்திருந்த பாட்டில்தான். கோபித்துக்கொள்ளாதே. கெட்டுப்போனதையே கீழே போட மனசு வராதவர், நல்லதை அவரே சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன்.