பகலில் தெரியாத நெருப்பு

இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் விரலில் விளக்கெண்ணெய் வாசம் போகவில்லை. நம் குட்டி ரிமோட் விமானத்தின் எஞ்சினுக்கு மெத்தனாலோடு கலந்து ஊற்றுவோமே, அதே வாசம். நீ இருந்தவரை உன் கைக்குட்டையில்கூட இதுதான் அடிக்கும். நீ போன பிறகு இன்றைக்குத்தான் மறுபடி என் கையில் ஏறியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை உன் மனைவி ஸ்டெல்லா விமானத்தையும் உன் மரப்பெட்டியையும் திருத்தங்கலில் என் அச்சு பிரஸ்ஸுக்கே கொண்டுவந்து வைத்தாள். "இத என்ன செய்யண்ணே? வித்துரவா?" என்று கேட்டாள். நான் பெட்டியைத் திறந்து பார்த்தேன்.

அவள் போட்ட சட்டம் உனக்கு மறந்திருக்காது. "கையில ஒரு கொப்புளத்தப் பாத்தேன்னா, அன்னைக்கே பிளேனு பழைய இரும்புக் கடைக்குப் போயிரும்." பட்டாசு சீசன் நேரத்தில் தீக்காய வார்டில் நிற்கிற நர்ஸ் அவள், சொன்னால் செய்வாள். உனக்கோ வாரம் முழுக்கப் பட்டாசுக் கம்பெனியில் கலர் மருந்துக் கலவையை மேற்பார்வையிடுவதற்குக் கூலியே அந்த ஞாயிற்றுக்கிழமைதான். சர்ச் முடிந்த கையோடு, எந்தப் பட்டாசு ஷெட்டும் பக்கத்தில் இல்லாத அந்த வறண்ட கண்மாய்க்கு ஓடி வந்துவிடுவாய்.

அங்கேயும் கம்பெனிப் பழக்கம் உன்னை விடாது. மருந்து அறைக்குள் நுழையுமுன் உடம்பு மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொடுவீர்களே, அதுபோல ஒரு கம்பியைத் தரையில் அடித்து, அதைத் தொட்டுவிட்டுத்தான் எரிபொருள் கேனைத் திறப்பாய். "சாமி கும்பிட்டாச்சா?" என்று கேலி செய்வேன். உடம்பிலிருக்கிற மின்சாரத்துக்கு அவ்வளவு பயந்த நாம், பேட்டரியையும் எரிபொருளையும் ஒரே பெட்டியில் வைத்திருந்தோம். இப்போது நினைத்தாலும் சிரிப்பும் நடுக்கமும் சேர்ந்து வருகிறது.

அப்படி ஒரு ஞாயிறு மதியம் எரிபொருள் பெட்டிக்குள் கொஞ்சம் சிந்தியிருந்தது. எஞ்சினைச் சுழற்றுகிற ஸ்டார்ட்டரின் கிளிப்பைப் பேட்டரியில் மாட்டினேன்; ஒரு பொறி தெறித்தது. இருவரும் குனிந்து பார்த்தோம். புகை இல்லை, சத்தம் இல்லை, சுடர் இல்லை. நம் ஊர்க்காரனுக்கு நெருப்பென்றால் வெளிச்சமும் வெடியும்தானே. ஒன்றுமில்லை என்று கேனை எடுக்கக் கை நீட்டினேன்.

"நிப்பாட்டுலே. அங்கன காத்து நெளியுது."

வெள்ளரிப்பிஞ்சுக்கு வைத்திருந்த உப்புத்தூளை அள்ளி வீசினாய். வெறும் காற்றில் முழங்கை உயரத்துக்கு மஞ்சள் நெருப்பு எழுந்து மறைந்தது. வெயிலில் கண்ணுக்குத் தெரியாத மெத்தனால் நெருப்பு, என் விரலுக்கு அவ்வளவு பக்கத்தில். மணல் வாளியை அப்படியே கவிழ்த்தாய். அணைந்ததா என்று இன்னொரு பிடி உப்பைத் தூவிப் பார்த்தாய். "உப்பு பட்டா மஞ்சளா எரியும்லே, எங்க மருந்து மாதிரி," என்றாய்.

நடந்ததை வீட்டில் மறைக்கலாம் என்றுதான் நான் சொன்னேன். நீயோ நேரே வீட்டுக்குப் போய் ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய். நம் நான்கு கைகளையும் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரல் மயிர் கருகியிருந்தது, கொப்புளம் இல்லை. "இனிமே பேட்டரி தனிப் பெட்டி, எண்ணெ தனிப் பெட்டி," என்றாள். அடுத்த வாரத்திலிருந்து வெள்ளரிப்பிஞ்சோடு இன்னொரு உப்புப் பொட்டலமும் அவளே மடித்துக் கொடுத்தாள். உன் மாரடைப்புக்கு முந்தின ஞாயிறு வரைக்கும் அது நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை உன் பெட்டிக்குள் எரிபொருள் மட்டும் இருந்தது. பேட்டரி எங்கே என்று கேட்டேன். "இன்னொரு நடையில கொண்டாரேண்ணே. ரெண்டையும் ஒண்ணா வைக்கக் கூடாதுல்ல." விற்க நினைத்தவள்தான் அப்படிச் சொன்னாள். "விக்க வேண்டாம் தங்கச்சி, ஞாயித்துக்கிழமை பறக்க விடுவோம்," என்றேன். "எனக்கு ஓட்டத் தெரியாதே." "எனக்கும் அம்புட்டுத்தான். ஓட்டுனதெல்லாம் அவன்தான்."

இன்று மதியம் போனோம். பேட்டரியைத் தள்ளி வைத்தோம். கம்பியைத் தொட்டது நான். கேலி செய்ய ஆளில்லை. கிளிப் மாட்டியதும் ஸ்டெல்லா என் கையைத் தடுத்து, பெட்டிமேல் உப்பைத் தூவினாள். உப்பு வெள்ளையாகவே கிடந்தது.

"ஒண்ணுமில்ல. ஸ்டார்ட் பண்ணுங்கண்ணே."

விமானம் ஏறியது. அவள் ரிமோட்டை இறுக்கிப் பிடித்து ஒரு வட்டம் அடித்தாள். பிறகு கருவேலம் புதரில் கொண்டுபோய்ச் சொருகினாள். இறக்கை ஒடிந்தது, ஒட்டிவிடலாம். நீ போன பிறகு அவள் சிரித்து இன்றுதான் பார்த்தேன். மீதி உப்பு என் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. துவைக்கப் போட்ட சட்டையிலிருந்து அதை அடுத்த ஞாயிற்றுக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.