எந்தக் கரைக் கோர்ட்

1990 நவம்பர் 6, செவ்வாய்
மழை. தென் லண்டன் ஸ்ட்ரெதமிலிருந்து பதிப்பகத்துக்கு பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். குடையை பஸ்ஸிலேயே விட்டாயிற்று.

மேற்கு ஆபிரிக்கக் குற்ற மேன்முறையீடுகள், முதல் தொகுதி. கடைசிப் பக்கச் சொல்லடைவு என் பொறுப்பு. யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணி, இங்கே சொல் பொறுக்குபவன். வெள்ளிக்குள் முடிய வேண்டும்.

இன்று: கோஃபி, மீனவன். கத்திக்குத்து ஆற்றின் அக்கரையில், குத்துப்பட்டவன் செத்தது இக்கரையில். கரைக்கொரு கோர்ட், இரண்டுக்கும் எசமான் ஒருவனே, வெள்ளைக்காரன். அக்கரைக் கோர்ட் தூக்குத் தண்டனை கொடுத்தது. இக்கரை மேன்முறையீட்டு நீதிபதிகள் முப்பத்தொரு பக்கம் எழுதி: 'சாட்சியம் போதாதுதான். ஆனால் இதை விசாரிக்க எங்களுக்கு அதிகாரமில்லை.' தள்ளுபடி. அறிவுக்கொழுந்துகள்!

ஊர்க் கோர்ட்டில் இந்த விசாரிக்கும் அதிகாரத்துக்கு நியாயாதிக்கம் என்று பெயர். இங்கே ஆதிக்கம் மட்டும் இருக்கிறது.

நவ. 7, புதன்
வழக்குக் கோப்பின் அடியில் சிறையிலிருந்து வந்த துண்டுச் சீட்டு. தீர்ப்புக்குப் பதினோராம் நாள் கோஃபிக்குத் தூக்கு. புத்தகத்தில் அது இல்லை.

பதிப்பாசிரியரிடம் ஓர் அடிக்குறிப்பு கேட்டேன். சட்டத்தில் பெரிய டாக்டர், ஆபிரிக்காவில் கால் வைத்ததில்லை. "அது சட்டமில்லையே. தீர்ப்பின் அழகைப் பாருங்கள்" என்றார். அழகாம். மண்ணாங்கட்டி.

ரஞ்சியிடம் புலம்பினேன். சோறு போட்டபடியே மனைவியின் தீர்ப்பு: "செத்தவன் செத்திட்டான். நீங்கள் வாயைக் குடுத்து வேலையைக் கெடுக்காதேங்கோப்பா. திரும்பவும் பெற்றோல் செட்டில நிக்க ஏலுமே உங்களாலை?"

ஏலாது. முழங்கால்.

நவ. 8, வியாழன்
வாங்க: குடை, மிளகாய்த்தூள்.

டாக்டர் சொல்லடைவை வாசிக்கிற சாதியில்லை. கேட்காமலே ஒரு வரி சேர்த்தேன்: 'தூக்கு: காண்க, நியாயாதிக்கம்.' கீழே கோஃபியின் பெயர், தூக்கிலிட்ட நாள். தட்டச்சு செய்யும் மொறீன் வாசித்துவிட்டு, "பாவம், யாரவன்?" என்றாள். இந்தக் கட்டடத்தில் கேட்டது அவள் ஒருத்திதான். நெஞ்சு நிறைந்தது.

நவ. 9, வெள்ளி
டாக்டர் வாசித்திருக்கிறார்.

"யார் போட்டது இது?" தாளை மேசையில் தட்டினார். அடுத்த மூன்று தொகுதிக்கான ஒப்பந்தமும் பக்கத்தில், கையெழுத்தில்லாமல்.

"எனக்குத் தெரியாது. தட்டச்சில் புகுந்திருக்கும்" என்றேன்.

வரியை வெட்டினார். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மொறீனைக் கூப்பிட்டார். அவள் உள்ளே போகும்போது என்னைப் பார்த்தாள், நான் எழுந்து கோட்டைப் போட்டேன்.

ரஞ்சிக்குப் போன், ஒப்பந்தம் கிடைத்ததென்று. "அப்பாடா" என்றாள்.

நானும் சொன்னேன், அப்பாடா என்று. தூ.