பாதிப் பாட்டு

மார்ச் 4, செவ்வாய்

பாட்டு கோடியைத் தாண்டிவிட்டது. கோடி முறை போன் ஆப்பில் கேட்டிருக்கிறார்களாம். மேனேஜர் கேக் வாங்கி வைத்து என்னை வெட்டச் சொன்னார். வெட்டினேன். நல்ல வேளையாகத் தொண்டை கட்டியிருந்தது, யாரும் பாடச் சொல்லவில்லை.

அக்கா வரவில்லை. பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்கிற வேலை, நடுவில் எழுந்து வர முடியாது. மதியம் போன் செய்தாள். "கோடியாடா? அப்போ நான் கோடீஸ்வரியா?" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

பாட்டு அவள் எழுதியது. மெட்டும் அவளுடையது. இந்த இரண்டு வரியை எழுதுவதற்குள் ஏன் இத்தனை தயக்கம்?

மார்ச் 16, ஞாயிறு

அக்கா வீட்டில் சாப்பாடு. பாட்டுக்கு வந்த பணத்தின் முதல் கணக்கு அவளுக்கு வந்திருக்கிறது. போனை என் பக்கம் திருப்பி, "எங்கேயாவது ஒரு சைபர் விட்டுப்போச்சா பாரேன்" என்றாள். விட்டுப்போகவில்லை. வீட்டு வாடகையில் பாதிக்குக்கூடக் காணாது.

அவளுக்கு விளக்கினேன், பெரிய விவரம் தெரிந்தவன் மாதிரி. கேட்கிறவர்கள் மாதச் சந்தா கட்டுகிறார்கள். அதில் பெரும்பங்கு ஒலிப்பதிவுக்குப் போகிறது. அதாவது கம்பெனிக்கும் எனக்கும். எழுதியவர்களுக்கு ஓரத்தில் கொஞ்சம். அதிலும் உரிமை பார்க்கிற கம்பெனி கழித்துக்கொள்ளும். மிச்சம்தான் எழுதியவர்களுக்கு.

"எழுதியவர்கள்." பன்மை. அந்த இடத்தில் மட்டும் வேகமாகப் பேசினேன்.

மிச்சத்திலும் பாதி எனக்கு வருகிறது. ஒலிப்பதிவு அன்று அவள் எழுதிய 'வா'வை நான் 'வாயேன்' என்று பாடினேன். "தாழ்ப்பாள் போடாம வெச்சிருக்கேன், வாயேன்." எல்லோரும் கை தட்டினார்கள். மேனேஜர் அன்றே பத்திரத்தில் என் பெயரையும் எழுதியவராகச் சேர்த்துவிட்டார். அக்கா படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். தம்பிதானே.

எனக்கு மேடை இருக்கிறது. ஒரு மாலை பாடினால் அவளுடைய அந்தக் கணக்கைவிட அதிகம் வரும். அவளுக்கு என்ன மேடை?

மார்ச் 27, வியாழன்

வானொலிப் பேட்டி. நல்ல கூட்டம், நல்ல காபி. அறிவிப்பாளர் கேட்டார்: "அந்தத் தாழ்ப்பாள் வரி எப்படித் தோணுச்சு?"

அக்கா எழுதியது என்று சொல்லியிருக்கலாம். இரண்டே சொல். வாய் திறந்தால் வேறு என்னவோ வந்தது. ஒரு மழை நாள், ஒருத்திக்காகக் காத்திருந்தேன், கதவைச் சாத்த மனசு வரவில்லை, அப்படி இப்படி என்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது, அதுதான் கொடுமை.

மார்ச் 28

பல் ஆஸ்பத்திரி ஹாலில் அந்த வானொலிதான் நாள் முழுக்க ஓடுமாம். அக்காவிடமிருந்து போனில் ஒரு கட்டைவிரல் பொம்மை மட்டும் வந்தது. வேறெதுவும் இல்லை. திட்டியிருக்கலாம்.

சாயங்காலம் மாமா, அக்காவின் கணவர், போனில் பேசினார். பாலிதீன் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. அதிர்ந்து பேசாத மனிதர்.

"மச்சான், ஒண்ணு கேக்கணும். தாழ்ப்பாள் போடாம உக்காந்திருந்தது அவ. ஷிப்டு முடிஞ்சு வந்தது நான். நீ எங்கடா இருந்தே?"

பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டார்.

ஏப்ரல் 2

மேனேஜரிடம் சொன்னேன், எழுதியவர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடலாம் என்று.

"தம்பி, உடம்பு சரியில்லையா? பாடுறவங்க எல்லாரும் பேர் போட்டுக்கறாங்க. ஒரு சொல்லு மாத்தினாலும் எழுத்துதான். அந்தப் பாதியையும் காட்டித்தானே அடுத்த ஆல்பத்துக்கு அட்வான்ஸ் வாங்கியிருக்கு?"

அவர் இன்னும் பேசினார். நான் தலையாட்டினேன். தலையாட்டிவிட்டு வந்து இங்கே வீரம் பேசுகிறேன்.

ஏப்ரல் 9

அக்கா வீட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

இன்று போனேன். அவள் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சீருடை எதற்கு என்றேன்.

"ஞாயிறும் வேலை கேட்டு வாங்கிட்டேன். அரை நாள். சம்பளம் தனி."

"ஞாயித்துக்கிழமைதானேக்கா நீ எழுதுவே?"

"எழுதி?" என்றாள். காலரைத் திருப்பி அழுத்தினாள். "கோடி பேர் கேட்டா வாடகை தேறாது. ஞாயித்துக்கிழமை டோக்கன் குடுத்தா தேறும். நீயே சொல்லு."

பேட்டிக்கு மன்னிப்புக் கேட்டேன். அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை.

"நீ வாயேன்னு பாடினது நல்லாத்தான்டா இருந்துச்சு. நானே கை தட்டினேன். ஆனா அது பாடுறவன் வேலை. பாடினதுக்கு உனக்குத் தனியா வருதுல்ல? அப்புறம் என் இலையிலயும் ஏன்டா கை வெச்சே?"

இதைக் கத்திச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். இஸ்திரிப் பெட்டியைப் பார்த்துச் சொன்னாள்.

ஏப்ரல் 21

உரிமை கம்பெனிக்கு நானே போனேன், மேனேஜரிடம் சொல்லாமல். எழுத்தும் மெட்டும் முழுக்க அக்கா என்று கையெழுத்துப் போட்டேன். இனிமேல் வருவது மட்டும்தான் மாறுமாம், வந்தது வந்ததுதான். அங்கிருந்த பெண், "நெஜமாத்தான் விட்டுக்குடுக்கறீங்களா சார்?" என்று இரண்டு தடவை கேட்டாள். விட்டுக்கொடுக்கவில்லை அம்மா, திருப்பிக் கொடுக்கிறேன். இது இப்போதுதான் தோன்றுகிறது. அங்கே சும்மா தலையாட்டினேன்.

மே 8

விஷயம் தெரிந்து மேனேஜர் என்னை விட்டுப் போய்விட்டார். ஆல்பமும் அவரோடு போயிற்று. வானொலிக்குத் திருத்தம் எழுதி அனுப்பினேன். ஒரு காலையில் அவசரமாக வாசித்து முடித்தார்கள். அன்று கண்ணைத் துடைத்துக்கொண்ட அந்தப் பெண் கேட்டிருப்பாளா, தெரியாது.

இதுவரை எனக்கு வந்த பாதியை அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். உடனே வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

"என்ன பாக்கறே? வேணாம் வேணாம்னு சொல்லுவேன்னு நெனச்சியா?"

நினைத்தேன்தான். வெட்கமாக இருந்தது.

ஞாயிறு வேலையை மட்டும் விடவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

போன வாரம் அக்கா கூப்பிட்டாள். புதுப் பாட்டு. பஸ்ஸில் போகும்போது எழுதினாளாம். ஒரு பெண் பாடுகிறாள், எனக்குத் தெரியாதவள். எனக்கு ஏன் தரவில்லை என்று கேட்கவில்லை. அக்காவே சொன்னாள்: "பின்னாடி ஹம்மிங்குக்கு ஒரு ஆம்பளைக் குரல் வேணும். வர்றியா? பேரெல்லாம் போட மாட்டோம்." பாதி கேலி. பாதிதான்.

இன்று போனேன். சின்ன ஸ்டூடியோ, ஏசியை அணைத்துவிட்டுத்தான் பாட முடியும். பாட்டு நன்றாக இருந்தது. முதல் பாட்டைவிட நன்றாக. அந்தப் பெண் பாடப் பாட, எங்காவது சுருதி விலகுகிறாளா என்று காத்துக்கொண்டிருந்தேன். பொறாமைதான், வேறென்ன.

இரண்டாம் முறை பாடியதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா மைக்கில் பேசினாள்.

"உன் குரல் அவளுக்கு முன்னாடி வந்து நிக்குது. கொஞ்சம் பின்னாடி போடா."

ஓரடி தள்ளி நின்று பாடினேன். அதைத்தான் வைத்துக்கொண்டார்கள்.