மதினி சொன்ன முடிவு

என் ஆசை மதினிக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு நம் வளவுக்கு டிவி வந்துவிட்டது. அத்தனை குடித்தனத்துக்கும் ஒரே பெட்டி, பாங்கிக்காரர் வீட்டில். கொடைக்கானல் மலையில் கோபுரம் வைத்திருக்கிறார்களாம், படம் புள்ளி விழாமல் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தமிழ்ப் படம் போட்டால் எல்லாரும் அங்கே தரையில் உட்கார்ந்துவிடுவோம். நீங்கள் இருந்திருந்தால் பாங்கிக்காரர் சம்சாரத்தோடு தினமும் சண்டைதான். அந்தம்மா வாள் சண்டை நடிகர் கட்சி. நீங்கள் அழுகை நடிகர் கட்சி ஆயிற்றே.

போன மாதம் அந்தத் தையல்காரி படத்தைப் போட்டார்கள் மதினி. நீங்கள் எனக்குச் சொன்னீர்களே, அதே படம். அதைப் பற்றிக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

என் மாமியார் படுக்கையில் விழுந்த பிறகு நான் தியேட்டர் பக்கமே போனதில்லை. நான் பார்த்த படமெல்லாம் உங்கள் வாயால் பார்த்ததுதான். அண்ணனுக்கு மில்லில் பகல் ஷிப்டு இருக்கிற வாரம் நீங்கள் மேட்னிக்குக் கிளம்புவீர்கள். சாயங்காலம் குழாயில் தண்ணீர் வரும்போது திரும்பி வந்து வரிசையில் குடத்தோடு நிற்பீர்கள். தண்ணீரைப் பிடித்து வைத்துவிட்டு, பாட்டுப் புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு என் ஆட்டுக்கல்லுக்கு எதிரே வந்து உட்காருவீர்கள்.

நான் குழவியைச் சுற்ற, நீங்கள் மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே கதை சொல்வீர்கள். எழுத்துப் போடும்போது வருகிற மியூசிக்கைக்கூட வாயாலேயே வாசிப்பீர்கள். கதாநாயகி என்ன நிறச் சேலை கட்டினாள், ஜாக்கெட்டுக் கை எம்புட்டு நீளம், வில்லன் எந்தப் புருவத்தைத் தூக்கினான், ஒன்றையும் விட மாட்டீர்கள். சண்டை வந்தால் என் கையும் வேகமாகிவிடும், மறுநாள் இட்லி பூப்போல இருக்கும். சோகம் வந்தால் மாவு கொரகொரவென்று நின்றுவிடும். என் வீட்டுக்காரர் ஒரு வாய் தின்றுவிட்டு, "நேத்து அழுகைப் படமா?" என்பார்.

கடைசிக் கட்டத்தை மட்டும் அன்றைக்குச் சொல்ல மாட்டீர்கள். "மிச்சம் நாளைக்கு. இப்பவே கேட்டா ஒனக்குத் தூக்கம் வராதுடி" என்று எழுந்து போய்விடுவீர்கள். எனக்கு மறுநாள் விடிகிற வரைக்கும் இருப்பே கொள்ளாது. நீங்கள் வேண்டுமென்றே என்னைத் தவிக்க விடுகிறீர்கள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

தையல்காரி படத்தையும் அப்படித்தான் சொன்னீர்கள். அடி தாங்காமல் புருஷன் வீட்டை விட்டுப் பிள்ளையோடு ரயில் ஏறிப் போகிறாள். இது முதல் நாள். அடுத்த நாள் முடிவு. அவள் ஓர் ஊரில் தையல் கடை வைத்துவிடுகிறாள். புருஷன் தேடி வந்து வாசலில் நிற்கிறான். அவள் அழவில்லை, திட்டவில்லை. மற்ற ஆளுக்கு எடுப்பது போலவே அவனுக்கும் சட்டைக்கு அளவெடுத்து எழுதிக்கொண்டு, "புதன்கிழமை வந்து வாங்கிக்கங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறாள். அவ்வளவுதான், வணக்கம் போட்டுவிட்டான் என்றீர்கள். நான் குழவியை நிறுத்திவிட்டு உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாவாடை சட்டையில் என் மகள் தனமும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தத் தனத்தைத் திருமங்கலம் பக்கம் கட்டிக் கொடுத்தது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது தெரியாது. ஆடிச் சீரோடு பார்க்கப் போனேன். கழுத்தில் விரல் தடம் பதிந்திருந்தது. கேட்டதற்கு வழுக்கி விழுந்தேன் என்றாள். விழுந்தால் கழுத்திலா விரல் பதியும்? அவளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிட்டேன். பஸ்சுக்கு நிற்கும்போது, ஊர் என்ன சொல்லும், இனி இவள் என்ன செய்வாள் என்று மனசு அடித்துக்கொண்டது. அப்போது எனக்கு ஞாபகம் வந்தது நீங்கள் சொன்ன தையல்காரிதான் மதினி. அவள் பிழைத்தாளே, இவள் பிழைக்க மாட்டாளா என்று பஸ் ஏறினேன்.

டிவியில் அந்தப் படத்தைப் பார்க்கிறேன், அதில் தையல் கடையே கிடையாது. ரயில் ஏறியவள் திரும்பி வருகிறாள். புருஷன் காலில் விழுந்து, அவன் மடியிலேயே உயிரை விடுகிறாள். எல்லாரும் அவளைத் தெய்வம் என்று கும்பிடுகிறார்கள். வளவே மூக்கைச் சிந்தியது. பாங்கிக்காரர் சம்சாரம் தனத்தைப் பார்த்துக்கொண்டே, "அதான் பொம்பள" என்றார்கள். தனம் எழுந்து போனாள்.

மறுநாள் நான் அண்ணனிடம் போய்க் கேட்டேன். அண்ணன் சிரித்துவிட்டார். "அவ எந்தப் படத்துல கடைசி வரைக்கும் உக்காந்திருக்கா? தண்ணி வந்துரும்னு பாதியிலயே ஓடியாந்துருவா. பொங்கலுக்கு எங்கூட வந்தப்பவும் பழக்கத்துல எந்திரிச்சு நின்னா. முடியட்டும் உக்காருன்னேன். 'அவன் எப்படி முடிச்சா என்ன, பேச்சிக்கு நான் வேற சொல்லிக்கிறேன்'னா."

முடிவு சொல்ல ஒரு ராத்திரி உங்களுக்கு எதற்குத் தேவைப்பட்டது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. படுத்துக்கொண்டே யோசிப்பீர்களா மதினி? அடுப்படியிலா? அளவெடுக்கிற யோசனை எப்படி வந்தது? தையல் மிஷினில் நீங்கள் உட்கார்ந்துகூடப் பார்த்ததில்லையே. இல்லை, அந்தப் படத்தைக் கடைசி வரைக்கும் பார்த்துவிட்டுத்தான், பிடிக்காமல் மாற்றினீர்களா? யாரைக் கேட்பேன் இதை?

அண்ணன் வீட்டில் இருந்து திரும்பி வந்தால், தனம் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருக்கிறாள். அவளைக் கூட்டிப்போக மாமனார் வீட்டு ஆட்கள் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"போயிர்றேம்மா. படத்துலயே அப்படித்தான முடியுது. அத்தை நமக்குப் பொய் சொல்லிருக்கு."

நான் பையை நகர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஏத்தா, படம் எடுத்தவன் யோசிச்சு ஒரு முடிவு வச்சான். ஒங்க அத்தையும் யோசிச்சுத்தான ஒண்ணு சொன்னா? அவன் சொன்னா நெசம், அவ சொன்னாப் பொய்யா?"

அவள் துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். நான் சொன்னேன், "அவங்க ரெண்டு பேரையும் விடு. நீ சொல்லு. ஒனக்குப் போகணுமா?"

பையில் வைத்த துணியை வெளியே எடுத்தாள். பிறகு, "வேணாம்மா" என்றாள். சின்னப் பிள்ளைக்குரல். அதற்கு முன்னால் அவளை அப்படி யாருமே கேட்டதில்லை மதினி. கட்டிக் கொடுக்கும்போது நானும் கேட்கவில்லை, அவள் அப்பாவும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பெரியாட்கள் வந்தார்கள். என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார், அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். காப்பி கொடுத்தேன். பிள்ளை வரவில்லை என்கிறாள், அனுப்பமாட்டேன் என்று சொன்னேன். அவர்களில் ஒருவர், பொட்டப்பிள்ளை பேச்சைக் கேட்டா குடும்பம் நடத்துகிறீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். காப்பியைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்கள். தனம் உள்ளே இருந்து வந்து தம்ளர்களை எடுத்துக் கழுவினாள்.

இனி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று சொல்கிறேன். நாளைக்கு அவள் புருஷன் நேரில் வந்து காலில் விழுந்தாலும், ஊரே கூடி வந்து பேசினாலும், தனத்தைக் கேட்காமல் அவள் காரியத்தில் நான் வாயைத் திறக்க மாட்டேன். உங்கள் மேல் சத்தியம் மதினி.

உங்கள் வாயாலேயே உலகத்தைப் பார்த்த நாத்தனார்,
பேச்சியம்மாள்,
வில்லாபுரம்.