நூற்றெட்டு மெகாபிக்சலும் என் பழைய போனும்

மாமா, கும்பிட்டுக்கொள்கிறேன். முழங்கால் வலி தேவலையா? மலைத்தோட்டத்தில் நான் சுகம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: போனில் இருக்கும் உங்கள் படத்துக்கு முத்தம் கொடுத்ததை, என்னோடு ஏலக்காய் எடுக்கும் பேச்சி பார்த்துவிட்டாள்.

"அந்த ஓட்டைப் போன்ல அண்ணன் மூஞ்சி எங்கக்கா தெரியுது? என்னோடது நூத்தெட்டு மெகாபிக்சலு!" என்றாள்.

"கொண்டா, பாத்துருவோம்" என்றேன். ஏலச்செடி நிழலில் இருவரும் ஒரே பூவைப் படம் எடுத்தோம். அவள் படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளி; என்னுடையது பளிச். போனுக்குள் வெளிச்சம் வாங்கும் சில்லு நகத்தளவுதானாம். மெகாபிக்சல் கூடினால் அத்தனையும் அதற்குள்ளேயே நெருக்கிக்கொண்டு வெளிச்சத்தைப் பங்கு போட வேண்டுமாம். ஜீப்பு ஓட்டும் ரசூல் அண்ணன் சொன்னார்.

"நம்ம லயத்து வீட்டு ஒத்த ரூமுல நூத்தெட்டுப் பேரைப் படுக்கப் போட்டா எவளுக்குடி காத்து வரும்?" என்று கேட்டேன்.

அதனால் பொங்கலுக்குப் புதுப் போன் வாங்கித் தருகிறேன் என்ற பேச்சே வேண்டாம். நான் மாற்றமாட்டேன். பூண்டு ஊறுகாயும், போடி ஸ்டூடியோவில் பிரிண்டு போட்ட உங்கள் படம் ஒன்றும் ரசூல் அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். சிரித்தபடி எடுங்கள், சிரிப்புக்குத் தனிக் காசு கேட்கமாட்டார்கள். ஜீப்பு கிளம்புகிறது.

உங்கள் சந்திரவல்லி

பி.கு. ஜெயித்துக் குதித்ததில் என் போன் ஏலக்காய் கழுவும் தொட்டிக்குள் விழுந்துவிட்டது. இப்போது ஈரம் வாங்க அரிசிக்குள் இருக்கிறது. தொட்டியின் அடியில் அது கிடந்ததைப் பேச்சி தன் போனில் படம் எடுத்தாள். தெளிவாக வந்திருக்கிறது.