பாதியில் நின்ற கொடி

வடக்கனந்தல்,
14-10-1990.

அன்பு மகன் தமிழரசனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, தம்பி சின்னராசு மூவரும் சுகமாக இருக்கிறோம். டெல்லியில் பஸ்ஸைக் கொளுத்துகிறார்கள் என்று ரேடியோவில் கேட்டதிலிருந்து உன் சுகம் ஒன்றுதான் எங்களுக்குத் தெரிய வேண்டும், உடனே ஒரு கார்டாவது போடு. மழை நல்லபடியாகப் பிடித்துக்கொண்டது, கரும்பு ஆள் உயரம் நிற்கிறது. செவலைப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது, வீட்டில் பாலுக்குக் குறைவில்லை, குடிக்கத்தான் நீ இல்லை.

போன மாதம் நீ அப்பாவுக்கு எழுதின கடிதத்தை நானும் படித்தேன். மண்டல் கமிஷன் வேண்டாம் என்று அங்கே பையன்கள் ரோட்டில் உட்கார்ந்திருப்பதையும், ஆபீஸில் ஒருத்தன் உன்னைப் பார்த்து நீயும் கோட்டாவா என்று கேட்டதையும் படித்து எனக்கு வயிறு எரிந்தது. அது வேறு. ஆனால் அதற்குக் கீழே, ஓட்டுக்காக ஜனங்களைப் பிரித்துவிடுவது கட்சிகள்தான், கட்சியே இல்லாமல் நல்லவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் நாடு உருப்படும், நீங்களும் உங்கள் வாழ்நாளைக் கொடிக்கம்பத்தடியிலேயே வீணாக்கிவிட்டீர்கள் என்று எழுதினாயே, அந்தக் கடைசி வரி உன் அப்பாவைச் சாய்த்துவிட்டது. காய்ச்சல் ஒன்றும் இல்லை, பயப்படாதே. டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார், பேப்பர் பார்ப்பதை நிறுத்தினார், மீன் குழம்பு வைத்தும் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். கட்சிக்காரன் மனைவியாக நான் படாத பாடு இல்லை, எந்நேரமும் பத்துப் பேருக்கு டீ போட்டே என் கை தேய்ந்தது, ஆனால் அவர் சத்தம் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. இந்த மனுஷன் இப்படியே ஒடுங்கிப் போய்விடுவாரோ என்று உள்ளுக்குள் பயந்தேன். "படிச்ச புள்ள சொல்றான், சரியாத்தான் இருக்கும்" என்று மட்டும் ஒரு நாள் சொன்னார்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். கூட்டுரோட்டில் அவர் வாலிபத்தில் நட்ட கம்பம் இருக்கிறதே, அதைத் தன் கையாலேயே பிடுங்கிவிடுவதென்று முடிவு. முதலில் கொடியை இறக்கியிருக்கிறார், கயிறு மழையில் ஊறி உருளையில் சிக்கிக் கொடி பாதியில் நின்றுவிட்டது. சரி, கம்பத்தைச் சாய்த்த பிறகு அவிழ்த்துக்கொள்ளலாம் என்று குனிந்து அடியில் தோண்ட ஆரம்பித்துவிட்டார். நம் பக்கத்தில் கொடி பாதியில் நின்றால் தலைவர் யாரோ போய்விட்டார் என்று அர்த்தம், உனக்கே தெரியும். டீக்கடைக்காரர் பார்த்தார், உடனே அடுப்பில் தண்ணீரை ஊற்றினார். மூன்று வருஷத்துக்கு முன்னால் மார்கழியில் முதலமைச்சர் போனபோது பட்டது எல்லோருக்கும் நினைவிருக்கிறது, கல் வருவதற்குள் கடை மூட வேண்டுமே. மளிகைக்கடை, தையல்கடை, சைக்கிள் கடை எல்லாம் மூடியாயிற்று, பள்ளிக்கூடத்தை விட்டாயிற்று. உன் அப்பா நிமிர்ந்து பார்த்து, கடையெல்லாம் ஏன் சாத்தியிருக்கிறது, யார் போனது என்று கேட்டிருக்கிறார். "உங்க தலைவருதாங்க" என்று யாரோ சொல்ல, கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதிருக்கிறார்! தான் கிளப்பின புரளிக்குத் தானே அழுத ஆளை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?

செய்தி கேட்டு நான் ஓடினேன். அதற்குள் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் போகிற பஸ்ஸைக் கொண்டுவந்து புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு டிரைவர் இறங்கிவிட்டார். அதிலே நமக்குத் தேனும் புளியும் கொண்டுவருமே மலைக்கார வெள்ளச்சி, அவள் தன் மருமகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போகிறாள், அந்தப் பெண்ணுக்கு இடுப்பு வலி கண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். அந்த நேரம் எதிர்க்கட்சிச் செல்லமுத்து ஒரு மாலையோடு வந்தார், அப்பாவோடு எலியும் பூனையுமாக இருக்கிறவர், துக்கம் விசாரிக்க வந்திருக்கிறார். "இன்னாய்யா காசிநாதா, நான் ரேடியோ கேட்டுக்கினுதான வரேன், அதுல ஒண்ணும் சொல்லலியே" என்றார். எல்லோரும் கொடியைக் காட்டினார்கள். அப்பா கொடியைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

உண்மை தெரிந்தும் டிரைவர் வண்டியை எடுக்க மறுத்துவிட்டார், புரளி முன்னாலேயே ஓடியிருக்கும், வழியில் கல் விட்டால் யார் பொறுப்பு என்றார். செல்லமுத்து தன் டெம்போவைக் கொண்டுவந்தார், சின்னராசு ஓட்டினான். அப்பா கட்சிக் கொடி ஒரு பக்கம், செல்லமுத்து கட்சிக் கொடி ஒரு பக்கம், உன் தம்பி தன் சாதிச் சங்கத்துக் கொடியை நடுவில் கட்டினான். டிரைவர் சொன்னது போலத்தான் இருந்தது, ரோட்டில் இரண்டு மூன்று இடத்தில் கல்லும் கட்டையும் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஏதோ ஒரு கொடியைப் பார்த்து அந்தந்தக் கட்சிப் பையன்கள் வழி விட்டார்கள். உன் அப்பா வெளியே தலையை நீட்டி, தலைவர் நல்லா இருக்காரு என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே வந்தார். மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது, தாயும் பிள்ளையும் நலம்.

ஆஸ்பத்திரி வாசலில்தான் அப்பா ஏன் கம்பத்தைத் தோண்டினார் என்பது செல்லமுத்துவுக்குத் தெரிந்தது. என்ன கோபம் வந்தது தெரியுமா அவருக்கு. "உன் கம்பத்த நீ புடுங்கிட்டா நான் எவன்கிட்டய்யா மல்லுக்கு நிக்கறது? எங்கட்சி மட்டும் இருந்தா எங்காளுங்களே ஊரத் தின்னுடுவானுங்க, எனக்குத் தெரியாதா" என்று கத்தினார். வெள்ளச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எங்க ஊர்ல ஒரு கொடியும் இல்லீங்க, சண்டையும் இல்லீங்க. ஒருத்தரும் வர்றதும் இல்லீங்க. இந்தப் பொண்ணத் தூளி கட்டித்தான் பஸ்சு நிக்கிற எடத்துக்குத் தூக்கியாந்தோம்" என்றாள்.

நீ கேட்ட கட்சியில்லாத ஊர் இதோ நம் தலைக்கு மேலேயே இருக்கிறதப்பா. நம் கோயில் கமிட்டியிலும் கட்சி கிடையாது, பெரிய வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் தலைவர் பதவியைத் தங்களுக்குள் மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறார்கள், கேட்க ஒரு நாதி இல்லை. கட்சிகள் செய்கிற அநியாயம் எனக்கும் தெரியும். சங்கத்து மறியல் என்று ரோட்டோரத்து மரங்களையெல்லாம் வெட்டிச் சாய்த்தபோது உன் தம்பியை ஜெயிலில் பார்த்துவிட்டு வந்தவள் நான், அந்த வேதனை இன்னும் ஆறவில்லை. ஆனாலும் உனக்குக் காலேஜ் சீட்டு கிடைத்ததே, அந்த ஒதுக்கீடு தானாக வந்து கதவைத் தட்டவில்லை, யாரோ கொடி பிடித்து, தொண்டை வற்றக் கத்தி வந்தது. உன் பெயரே ஒரு கட்சி மேடையில் வைத்த பெயர், நான் வைத்திருந்தால் முனியன் என்று வைத்திருப்பேன்.

இப்போது அப்பா கம்பத்தடியில் மண்ணைத் தள்ளி இறுக்கிவிட்டார். அவரும் செல்லமுத்துவும் இன்று விடியற்காலையிலேயே வெள்ளச்சி ஊருக்கு மலையேறியிருக்கிறார்கள், ஆளுக்கொரு பாதையில், ஒருவருக்கொருவர் தெரியாமல். ரோடு கேட்டு முதலில் கையெழுத்து வாங்குவது யார் என்று போட்டி. எனக்குச் சிரிப்பாகவும் இருக்கிறது, மனது நிறைந்தும் இருக்கிறது.

கலவரம் அடங்கும்வரை இருட்டுவதற்குள் ரூமுக்குப் போய்விடு. கோட்டா என்று கேட்டவனிடம் தலை குனியாதே, வம்புக்கும் போகாதே. குலசாமி உனக்குத் துணையிருக்கும், நோய் நொடி இல்லாமல் நன்றாக இரு. ஒன்றை மறந்துவிடாதே, அப்பாவுக்கென்று தனியாக ஒரு கடிதம் எழுது. வீணாக்கிவிட்டீர்கள் என்று எழுதினாயே, அதை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள். மற்றபடி கட்சி கூடாது என்றே எழுது, நன்றாக வாதாடி எழுது, எதிர்த்துப் பேச ஆள் இருந்தால்தான் அந்த மனுஷன் வயிறாரச் சாப்பிடுகிறார்.

உன் வரவை எதிர்பார்க்கும் அம்மா,
கா. சின்னப்பொண்ணு.